முதல் உலகப்போர் ஏன் மூண்டது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1914 ஜூன் 28 அன்று, போஸ்னியாவின் சரயேவோ நகரத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இரண்டு முறை சுட்டான். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் ஐரோப்பாவின் பெரிய நாடுகளில் இத்தாலி தவிர எல்லாம் போரில் இறங்கிவிட்டன. நான்கு வருடம் கழித்துப் போர் ஓய்ந்தபோது படைவீரர்கள் மட்டும் 90 லட்சத்துக்கு மேல் செத்திருந்தார்கள். இரண்டு குண்டுக்கும் இத்தனை சாவுக்கும் நடுவில் என்னதான் நடந்தது என்ற கேள்வி, படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து என்னை விடவில்லை. மாணவர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இளவரசர் கொலைதான் போருக்குக் காரணமா?

அது தீக்குச்சி மட்டும்தான். ஆனால் அந்த நாளின் கதை வியக்க வைப்பது. ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவர் மனைவி சோஃபியும் வந்த கார்மீது காலையிலேயே ஒருவன் வெடிகுண்டு வீசினான். அது பின்னால் வந்த வண்டியைத்தான் தாக்கியது. காயம்பட்டவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வரலாம் என்று இளவரசர் கிளம்பினார். பாதையை மாற்றியிருந்தார்கள், டிரைவருக்கு யாரும் சொல்லவில்லை. பழைய பாதையில் திரும்பிய பிறகு தப்பு தெரிந்து வண்டியை நிறுத்தினார். நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் பத்தொன்பது வயதுப் பையன், போஸ்னிய செர்பியனான கவ்ரீலோ பிரின்ஸிப் இருந்தான். இருவரையும் சுட்டுக் கொன்றான்.

டிரைவர் சரியாகப் போயிருந்தால் போரே வந்திருக்காதா என்று உடனே கேட்கத் தோன்றும். கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். 1898 இல் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் ஜெனீவாவில் கொல்லப்பட்டார். 1900 இல் இத்தாலிய மன்னர் உம்பர்ட்டோ, 1903 இல் செர்பிய மன்னர் அலெக்சாண்டர், 1911 இல் ரஷ்யப் பிரதமர் ஸ்டாலிப்பின், 1913 இல் கிரேக்க மன்னர் ஜார்ஜ். இவ்வளவு கொலைகள் நடந்தும் இவற்றில் ஒன்றுகூடப் போரில் முடியவில்லை. ஆகவே இந்தக் கொலையை மட்டும் வைத்துப் போருக்குப் போக ஏன் முடிவெடுத்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செர்பியாவோடு போர் வேண்டாம் என்று ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் தடுத்து வந்தவர்களில் முக்கியமானவர் இந்த இளவரசர். ஆஸ்திரியத் தளபதி கான்ராட், 1913 இல் மட்டும் இருபது தடவைக்கு மேல் செர்பியாவைத் தாக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். அவரை அடக்கி வைக்கக்கூடிய ஆளைத்தான் பிரின்ஸிப் கொன்றான்.

பரீட்சைக்கு எழுதுகிற நான்கு காரணங்கள் (ராணுவவாதம், கூட்டணிகள், ஏகாதிபத்தியம், தேசியவாதம்) தவறா?

தவறில்லை, தாராளமாக எழுதுங்கள். ஆனால் அந்த நான்கும் 1905 லும் இருந்தன, 1908 லும் 1911 லும் இருந்தன. அப்போதெல்லாம் நெருக்கடி வந்தது, போர் வரவில்லை. நான்கையும் இணைத்து ஓட வைத்த ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. என் பார்வையில் அது பயம். "நாளாக ஆக நம் கை தாழ்ந்துகொண்டே போகும்" என்ற பயம்.

ஜெர்மனியின் பயம் ரஷ்யா. அந்த நாட்டின் ஜனத்தொகையும் ரயில் பாதைகளும் வளர்ந்துகொண்டே போயின. 1914 இல் தொடங்கிய அதன் பெரிய படை விரிவாக்கத் திட்டம் 1917 வாக்கில் முடியும் என்று பெர்லின் கணக்குப் போட்டது. 1912 டிசம்பரில் கைசர் (ஜெர்மன் பேரரசர்) கூட்டிய கூட்டத்தில் தளபதி மோல்ட்கே, போர் வருவது உறுதி, சீக்கிரம் வந்தால் நல்லது என்றே பேசினார். ஆஸ்திரியாவுக்குத் தன் பேரரசே சிதறிவிடும் என்ற பயம். ரஷ்யாவுக்கு இன்னொரு தடவை அவமானப்பட்டால் வல்லரசு என்ற பெயர் போய்விடும் என்ற பயம். பிரான்ஸுக்கு ஜெர்மனி எதிரில் தனியாக நிற்க நேருமோ என்ற பயம். பிரிட்டனின் பயம் இரண்டு வகை: ஜெர்மனி கண்டம் முழுவதையும் பிடித்துவிடக் கூடாது, ரஷ்யாவைக் கைவிட்டால் அது மறுபடியும் இந்திய எல்லைப்பக்கம் தொல்லை தரும்.

எல்லா அரசுகளும் தற்காப்புக்காகத்தான் போருக்குப் போகிறோம் என்று மக்களிடம் சொன்னன. சொன்னவர்களில் பலர் அதை உண்மையாகவே நம்பினார்கள். இந்தப் போரில் எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான்.

1870 லிருந்து கதையை ஏன் ஆரம்பிக்கிறார்கள்?

1870-71 போரில் பிரான்ஸைத் தோற்கடித்துத்தான் ஜெர்மனி ஒரே நாடானது. ஜெர்மன் பேரரசை அறிவித்த இடம் வெர்சாய் அரண்மனை, பிரெஞ்சு மன்னர்களின் மாளிகை. 500 கோடி பிராங்க் இழப்பீடு வாங்கினார்கள், அல்சேஸ்-லொரைன் பகுதியையும் எடுத்துக்கொண்டார்கள். 1914 இல் பிரான்ஸ் இதற்காகத்தான் போருக்குப் போனது என்று சொல்ல மாட்டேன். நாற்பது வருடத்தில் அந்தச் சூடு நிறையத் தணிந்திருந்தது. ஆனாலும் ஜெர்மனிக்கு எதிராக யார் கை நீட்டினாலும் பிடித்துக்கொள்ளப் பிரான்ஸ் தயாராக இருந்தது.

அப்போதைய ஜெர்மன் பிரதமர் பிஸ்மார்க் இதை அறிந்தவர். பிரான்ஸைத் தனிமையில் வைத்திருக்க ரஷ்யாவோடு எப்போதும் ஒரு நூலைப் பிடித்தே இருந்தார். 1890 இல் இளம் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார். அதே வருடம் ரஷ்யாவோடு இருந்த ரகசிய ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படாமல் போனது. 1894 இல் ரஷ்யாவும் பிரான்ஸும் ராணுவக் கூட்டாளிகள். ரஷ்யாவின் ஜார் (பேரரசர்) ஆட்சியும் பிரான்ஸின் குடியரசும் கைகோக்கும் என்று பெர்லினில் பலர் நம்பியதே இல்லை.

கூட்டணிகள்தான் சங்கிலிபோல எல்லாரையும் இழுத்துவிட்டதா?

பாதி உண்மை. ஒருபக்கம் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் (1879), பிறகு இத்தாலியும் (1882). மறுபக்கம் பிரான்ஸும் ரஷ்யாவும். 1904 இல் பிரிட்டன் பிரான்ஸோடும், 1907 இல் ரஷ்யாவோடும் சமாதானமானது.

இதில் கவனிக்க வேண்டியது: இத்தாலி ஒப்பந்தத்தில் இருந்தும் 1914 இல் ஒதுங்கிக்கொண்டது, அடுத்த வருடம் எதிரணியில் சேர்ந்தது. பிரிட்டன் எந்த ஒப்பந்தத்தாலும் பிரான்ஸுக்காகச் சண்டை போடக் கட்டுப்படவில்லை, ஆனாலும் போட்டது. செர்பியாவைக் காப்பாற்ற வேண்டும் என்று ரஷ்யாவைக் கட்டாயப்படுத்தும் ஒப்பந்தமும் கிடையாது. தாளில் எழுதியதைவிட, "இப்போது கூட்டாளியைக் கைவிட்டால் நாளை நமக்கு யார்?" என்ற கணக்குத்தான் வேலை செய்தது.

பால்கன் பகுதியில் அப்படி என்ன இருந்தது?

தென்கிழக்கு ஐரோப்பாவில் ஒட்டோமான் (துருக்கிய) பேரரசு சுருங்கிச் சுருங்கி விட்டுப்போன இடம் அது. அந்த வெற்றிடத்தை நிரப்ப ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் முண்டியடித்தன. நடுவில் புதிதாக முளைத்த சின்ன நாடுகள்.

ஆஸ்திரியா-ஹங்கேரியை நினைத்துக்கொள்ளுங்கள்: ஐந்து கோடிப் பேர், ஜெர்மானியர், ஹங்கேரியர், செக், போலந்துக்காரர், குரோட், செர்பியர், ருமேனியர் என்று பத்துக்கு மேற்பட்ட இனங்கள், எல்லாருக்கும் ஒரே கிழ மன்னர். "ஒரு இனத்துக்கு ஒரு நாடு" என்ற கொள்கை வென்றால் அந்தப் பேரரசு பிழைக்காது. பக்கத்தில் செர்பியா, "செர்பியர் வாழும் மண்ணெல்லாம் எங்களுடையது" என்று வளர்ந்துகொண்டிருந்தது. 1903 வரை செர்பிய அரச குடும்பம் வியன்னாவுக்கு இசைவாக இருந்தது. அந்த வருடம் ராணுவ அதிகாரிகள் மன்னரையும் ராணியையும் கொன்றுவிட்டு வேறு வம்சத்தைக் கொண்டுவந்தார்கள், நாடு ரஷ்யா பக்கம் சாய்ந்தது.

1878 முதல் ஆஸ்திரியா நிர்வகித்து வந்த போஸ்னியாவை 1908 இல் அது அதிகாரபூர்வமாகத் தன்னோடு இணைத்துக்கொண்டது. செர்பியா கொதித்தது. ஜப்பானிடம் 1905 இல் அடிவாங்கியிருந்த ரஷ்யாவால் எதுவும் செய்ய முடியவில்லை. ஜெர்மனி மிரட்டியதும் பின்வாங்கியது. அந்த அவமானத்தை ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க் மறக்கவே இல்லை. 1914 ஜூலையில் "இந்தத் தடவை விட்டுக்கொடுக்க மாட்டோம்" என்று அமைச்சர்கள் பேசியதற்கு வேர் இங்கே இருக்கிறது. அப்புறம் 1912-13 பால்கன் போர்கள். அவை முடிந்தபோது செர்பியாவின் பரப்பு ஏறக்குறைய இருமடங்கு. வியன்னாவின் பயமும் அப்படித்தான் பெருகியது.

கொலைக்குப் பின்னால் செர்பிய அரசு இருந்ததா?

பிரின்ஸிப் கூட்டத்துக்குத் துப்பாக்கியும் குண்டும் கொடுத்து எல்லை தாண்ட வைத்தது 'கருங்கை' என்ற ரகசிய அமைப்பைச் சேர்ந்தவர்கள். அதன் தலைவர் 'ஆபிஸ்' என்ற பட்டப்பெயர் கொண்ட திமித்ரியேவிச், செர்பிய ராணுவ உளவுத்துறையின் தலைவரும் அவரே. ஆனால் அவருக்கும் பிரதமர் பாஷிச்சுக்கும் கடும் பகை. ஆகவே அரசாங்கம் திட்டமிட்டது என்று சொல்ல முடியாது; அரசுக்குள் இருந்தவர்கள் செய்தார்கள் என்று சொல்லலாம்.

கொலை நடந்தது ஜூனில். போர் ஏன் ஒரு மாதம் கழித்து வந்தது?

ஆஸ்திரியா உடனே அடித்திருந்தால் உலகத்தின் அனுதாபம் அதன் பக்கம் இருந்திருக்கும். அது தயங்கியது. ஜூலை 5, 6 தேதிகளில் ஜெர்மனி, "நீங்கள் என்ன செய்தாலும் துணை நிற்கிறோம்" என்று பிளாங்க் செக் கொடுத்தது. அதன் பிறகும் ஹங்கேரியப் பிரதமர் டிஸா ஒரு வாரத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளவில்லை. படைவீரர்களில் பலர் அறுவடை லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். அதோடு பிரெஞ்சு அதிபர் புவான்காரே ரஷ்யாவுக்கு விருந்தாளியாகப் போயிருந்தார். அவரும் ஜாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசும்போது எச்சரிக்கை அனுப்பினால் இருவரும் சேர்ந்து முடிவெடுத்துவிடுவார்கள் அல்லவா? அதனால் அவர் கப்பல் கிளம்பும் நேரம் பார்த்து ஜூலை 23 மாலை செர்பியாவிடம் கடிதம் நீட்டினார்கள்.

பத்து கோரிக்கைகள், 48 மணி நேரக் கெடு. செர்பியா பணிவாக எழுதிய பதிலில் பெரும்பாலானவற்றை முழுதாகவோ சுற்றிவளைத்தோ ஏற்றது. ஆஸ்திரிய அதிகாரிகள் செர்பிய மண்ணில் விசாரணையில் பங்கெடுக்க வேண்டும் என்பதை மட்டும் நேராக மறுத்தது. ஜூலை 28 இல் ஆஸ்திரியா போர் அறிவித்தது.

ரயில் அட்டவணை போரைக் கொண்டுவந்தது என்கிறார்களே, அது எப்படி?

கேட்கும்போது விசித்திரமாக இருக்கும், ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் 1914 புரியாது.

லட்சக்கணக்கான ஆட்களை அழைத்து, சீருடை கொடுத்து, குதிரை, பீரங்கியோடு எல்லையில் கொண்டுபோய் இறக்குவதுதான் படைதிரட்டல். அதற்கு நாட்டின் ரயில்கள் எல்லாம் வேண்டும். எந்த வண்டி எந்தப் பாலத்தை எந்த நிமிடம் கடக்கும் என்று வருடக்கணக்கில் உட்கார்ந்து போட்ட திட்டம். ஒரு நாள் பிந்தினால் எதிரி முந்திவிடுவான் என்று தளபதிகள் எல்லாருமே நம்பினார்கள்.

ஜெர்மனியின் நிலை இன்னும் மோசம். இரண்டு பக்கமும் எதிரி. ஷ்லீஃபென் என்ற தளபதியின் காலத்தில் உருவான யோசனை இது: ரஷ்யா பெரிய நாடு, படைதிரட்ட வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் பெல்ஜியம் வழியாகப் பாய்ந்து சுமார் ஆறு வாரத்தில் பிரான்ஸை முடித்துவிட்டு, ரயிலேறிக் கிழக்கே போய் ரஷ்யாவைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பிரான்ஸ் கொடுத்த கடனில் ரஷ்யா ரயில் பாதை போட்டுக்கொண்டே வந்தது. ஆறு வாரம் என்ற கணக்கு ஒவ்வொரு வருடமும் சுருங்கியது. மேலே சொன்ன 1917 பயம் இங்கேதான் வந்து முட்டுகிறது.

இதன் விளைவைப் பாருங்கள். மற்ற நாடுகள் படைதிரட்டிவிட்டு எல்லையில் நின்று பேச்சுவார்த்தை நடத்தலாம். ஜெர்மனியால் முடியாது, திட்டப்படி பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தை முதல் சில நாளிலேயே பிடித்தாக வேண்டும். ஆக, ரஷ்யா முழுப் படையையும் திரட்டினால் ஜெர்மனி திரட்டும், ஜெர்மனி திரட்டினால் அது போர். ஜார் நிக்கோலஸ் ஜூலை 29 இல் முழுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டு, அன்று இரவே ரத்து செய்து, மறுநாள் மாலை மறுபடி ஆணையிட்டார். அந்த ஒரு நாள் தடுமாற்றத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

ஆகஸ்ட் 1 அன்று, பிரிட்டன் ஒதுங்கி நிற்கக்கூடும் என்று ஒரு தந்தி வந்தது. கைசர் மகிழ்ந்துபோய், "அப்படியானால் எல்லாப் படையையும் கிழக்கே அனுப்புங்கள்" என்றார். மோல்ட்கே, அது முடியவே முடியாது என்றார். கிழக்கே மட்டும் போவதற்கு இருந்த மாற்றுத் திட்டத்தைப் புதுப்பிப்பதையே 1913 இல் நிறுத்தியிருந்தார்கள். சண்டைக்கே சம்பந்தமில்லாத பிரான்ஸையும் பெல்ஜியத்தையும் தாக்காமல் ரஷ்யாவோடு போரிட அந்த வல்லரசிடம் ஒரு வழிகூட இல்லை.

பிரிட்டன் பெல்ஜியத்துக்காகத்தான் வந்ததா?

பெல்ஜியத்தின் நடுநிலையைக் காப்பதாக 1839 இல் லண்டனில் கையெழுத்திட்ட நாடுகளில் பிரிட்டனும் பிரஷ்யாவும் (பிறகு ஜெர்மனியை ஒன்றாக்கிய நாடு) உண்டு. அந்த ஒப்பந்தம்தான் மக்களையும் பிளவுபட்டிருந்த அமைச்சரவையையும் ஒன்றாக்கியது. அதற்கு முன்பே வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே, பிரான்ஸ் நசுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்ற முடிவில் இருந்தார்.

கடற்படைப் போட்டியும் இதற்குப் பின்னால் உண்டு. 1898 முதல் கடற்படை அமைச்சர் திர்பிட்ஸ் ஜெர்மன் கப்பற்படையைப் பெருக்கினார். 1906 இல் பிரிட்டன் 'டிரெட்னாட்' என்ற புதுவகைப் போர்க்கப்பலை இறக்கியதும் பழைய கப்பல்களெல்லாம் மதிப்பிழந்து பந்தயம் புதிதாகத் தொடங்கியது. 1912 வாக்கில் ஜெர்மனி தரைப்படைக்குப் பணத்தைத் திருப்பியதால் போட்டி ஓய்ந்துவிட்டது. பிரிட்டன்தான் முந்தி நின்றது. ஆனால் அதற்குள் நம்பிக்கை கெட்டுப்போயிருந்தது.

காலனிகளுக்கான போட்டிதான் உண்மைக் காரணம் என்ற வாதம் சரியா?

காலனி ஆதிக்கத்தின் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 1914 க்கு அது நேரடியாகப் பொருந்தவில்லை. காலனிகளுக்காக அதிகம் முட்டிக்கொண்டவர்கள் பிரிட்டனும் பிரான்ஸும் (1898 இல் சூடானின் ஃபஷோடாவில் போரின் விளிம்பு வரை போனார்கள்), பிரிட்டனும் ரஷ்யாவும் (பாரசீகம், ஆப்கானிஸ்தான்). இவர்கள்தான் ஒரே அணியில் சேர்ந்தார்கள். எதிரிகளான பிரிட்டனும் ஜெர்மனியும் பாக்தாத் ரயில் பாதை பற்றி 1914 ஜூனில் உடன்பாட்டையே எட்டியிருந்தன.

மொராக்கோ நெருக்கடிகள் (1905, 1911) மட்டும் விதிவிலக்கு. பிரான்ஸ் மொராக்கோவைப் பிடிப்பதை எதிர்த்து ஜெர்மனி மிரட்டிப் பார்த்தது; பிரிட்டனும் பிரான்ஸும் இன்னும் நெருங்கின.

மூன்று மன்னர்களும் சொந்தக்காரர்கள்தானே?

ஆமாம். பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜ், கைசர் வில்ஹெல்முக்கு மாமா மகன். ஜார் நிக்கோலஸுக்கு அதே ஜார்ஜ் பெரியம்மா மகன். ஜாரின் மனைவி கைசருக்குச் சித்தி மகள். கடைசி நாட்களில் கைசரும் ஜாரும் 'வில்லி', 'நிக்கி' என்று கையெழுத்திட்டு ஆங்கிலத்தில் தந்திகள் அனுப்பிக்கொண்டார்கள். பாசத்தில் குறையில்லை, அதனால் ஒரு ரயில்கூட நிற்கவில்லை.

தவிர்த்திருக்க முடியுமா?

முடியும் என்றே நம்புகிறேன். 1912-13 பால்கன் போர்களின்போது லண்டனில் தூதர்கள் உட்கார்ந்து பேசிப் பெரிய போரைத் தடுத்தார்கள். 1914 ஜூலை 26 இல் கிரே அதே மாதிரி மாநாட்டுக்கு அழைத்தார், ஜெர்மனி மறுத்துவிட்டது. ஜூலை 28 காலை செர்பியாவின் பதிலைப் படித்த கைசரே, போருக்கான காரணம் எதுவும் இனி இல்லை, ஆஸ்திரியா பெல்கிரேடைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றால் போதும் என்று எழுதினார். அவருடைய பிரதமர் பெத்மான் ஹோல்வெக் அதை வியன்னாவுக்கு உடனே அனுப்பவில்லை. வலுவிழக்கச் செய்தே அனுப்பினார். அன்றே போர் அறிவிப்பு வந்துவிட்டது.

சரி, குற்றம் யார்மேல்?

1919 இல் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கையின் 231ஆவது பிரிவு, ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும்தான் பொறுப்பு என்றது. ஜெர்மானியர் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. 1960களில் ஜெர்மன் வரலாற்றாசிரியர்களிடமிருந்தே, தம் அரசு தெரிந்துதான் போரை வரவழைத்தது என்ற வாதம் எழுந்து அந்த நாட்டை உலுக்கியது. அண்மைக்காலத்தில் எல்லாத் தலைநகரங்களுக்கும் பங்கு உண்டு என்ற பார்வை வலுத்திருக்கிறது.

என் கருத்து: செர்பியாவை அடித்தே தீர்வது என்று முடிவுசெய்த வியன்னாவும், பிளாங்க் செக் கொடுத்து, பெரிய போர் வந்தாலும் வரட்டும் என்று துணிந்த பெர்லினும் முதல் பொறுப்பாளிகள். முதலில் முழுப் படைதிரட்டிய ரஷ்யாவும், அதைத் தடுக்காத பிரான்ஸும், தன் நிலையைக் கடைசிவரை தெளிவாகச் சொல்லாத பிரிட்டனும் அடுத்து. பங்கு எல்லாருக்கும் உண்டு, சம பங்கு இல்லை.

இதில் இந்தியா எப்படி வந்தது? நம்மைக் கேட்டார்களா?

கேட்கவில்லை. பிரிட்டன் போரில் இறங்கியதும், வைஸ்ராய் ஹார்டிஞ்ச் இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பிரான்ஸ், மெசபடோமியா, கலிப்போலி, கிழக்கு ஆப்பிரிக்கா என்று அனுப்பப்பட்டார்கள். ஏறத்தாழ 74,000 பேர் திரும்பவில்லை. போஸ்னியா எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் அதன் பேரால் செத்தவர்கள் அவர்கள்.

சென்னைக்கும் அது வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஒன்பது மணி தாண்டியதும், 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுபோட்டு எரித்துவிட்டுப் போனது. பயந்துபோய் ஆயிரக்கணக்கானோர் ஊரைக் காலி செய்தார்கள். இன்றைக்கும் கெட்டிக்காரனை, மிரட்டலான ஆளை "அவன் எம்டன்" என்று சொல்கிறோமே, அந்தச் சொல் இப்படி வந்ததுதான். குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் நின்று படித்துவிட்டு வாருங்கள்.